ரிப்பேர் ரகசியம்

இப்போது பட்டணமென்றும் பட்டிக்காடென்றும் இல்லாமல் வீட்டுக்கு வீடு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, துணி துவைக்கும் யந்திரம் ஆகியவை வந்துகொண்டிருக்கின்றன. இதைப்பற்றி நமக்குச் சந்தோஷமேயாகும். அம்மியோடும் ஆட்டுக்கல்லோடும் பெண்மக்கள் ஆயுளைக் கழித்து வந்த நிலைமை மாறுவதை அறிவுள்ள எவரும் குறை கூற முடியாது. ஆனால் அந்த யந்திரம் ஒரு நாள் நின்றுபோனால் என்ன நடக்கின்றது என்பதுதான் நாம் யோசிக்க வேண்டிய விஷயமாகும்.

மிக்சியை எடுத்துக்கொள்ளுவோம். அளவுக்கு மிஞ்சிப் போட்டு அரைத்தால் மோட்டார் கருகிப் போகாமலிருக்கும் பொருட்டு, அநேக மிக்சிகளின் அடிப்பாகத்தில் ஒரு சிறு பொத்தான் வைத்திருக்கின்றார்கள். பாரம் அதிகமானால் அது தானாகவே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். சற்று ஆறவிட்டு அதை அழுத்தினால் மிக்சி மறுபடியும் ஓடும். இவ்வளவுதான் சங்கதி. இதை அறியாதவர்கள் மிக்சியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிக் கடைக்குப் போய், கேட்ட கூலியைக் கொடுத்துவிட்டு வருகின்றார்கள். மின்விசிறியின் வேகம் குறைந்தால் பெரும்பாலும் கண்டென்சரை மாற்றினால் போதுமானது. இந்த மாதிரி விஷயங்களாவது வாய்வழியாக ஓரளவு பரவியிருக்கின்றன.

துணி துவைக்கும் யந்திரத்தின் கதையோ வேறு. அதன் முகப்பில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் மின்னும். சில குறிகளுக்கு அர்த்தம், வாங்கியவனிடம் கொடுத்த புத்தகத்தில் இருக்கும். மற்றவைகளுக்கெல்லாம் “சர்வீஸ் சென்டரைக் கூப்பிடவும்” என்கின்ற ஒரே மந்திரந்தான். மின்கம்பிப் படமும், உதிரிபாகங்களின் நம்பரும், யந்திரம் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும்படி செய்யும் வழியும் வேறொரு புத்தகத்தில் இருக்கின்றன. அது கம்பெனி ஆட்களுக்கு மாத்திரமாம். விலை கொடுத்தவன் அதைப் படிக்க யோக்கியதை இல்லாதவனாம்! “நீ படிக்கத் தகாதவன்” என்கின்ற பேச்சு இந்நாட்டில் நாம் முதல் தடவையாகக் கேட்பதல்ல.

மின்சாரம் ஆபத்தானது என்று கம்பெனிக்காரர்கள் சமாதானம் சொல்லுகின்றார்கள். வாஸ்தவமே. மைக்ரோவேவ் அடுப்பின் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள்ளிருக்கும் கண்டென்சரில் ஆளைக் கொல்லக்கூடிய மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். அதற்காகவே அல்லவா அதை விளக்கமாய் எழுதிக் கொடுக்க வேண்டும்? ஊரில் ரிப்பேர் செய்து பிழைக்கும் தொழிலாளி, கம்பெனி படம் கொடுக்கவில்லை என்பதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போவதில்லை. அவன் எப்படியும் திறக்கத்தான் போகின்றான். தெரிந்து திறப்பதில் ஆபத்து அதிகமா, தெரியாமல் திறப்பதில் அதிகமா என்று கேட்கின்றோம்.

நிற்க, சட்டத்தைப் பார்ப்போம். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சரக்கின் தரம், அளவு, வீரியம், தூய்மை, விலை முதலியவைகளைத் தெரிந்துகொள்ள வாங்குபவனுக்கு உரிமை உண்டு என்கின்றது. கெட்டுப்போனால் சரிசெய்வது எப்படி என்பது அந்த ஜாபிதாவில் இல்லை. 2022 ஜூலையில் மத்திய அரசாங்கத்தார் இதற்கென்று ஒரு கமிட்டி போட்டார்கள். அவ்வருஷம் டிசம்பர் 24-ந் தேதி இணையத்தில் ஒரு தளமும் திறந்தார்கள். நல்லதுதான். ஆனால் தளம் வேறு, சட்டம் வேறு.

ஐரோப்பிய யூனியனில் 2021 மார்ச்சு முதல், துணி துவைக்கும் யந்திரத்தின் முக்கிய உதிரிபாகங்கள், அந்த மாடலின் கடைசி யந்திரம் சந்தைக்கு வந்து 10 வருஷம் வரை கிடைக்க வேண்டுமென்று விதியிருக்கின்றது. அங்கும் ரிப்பேர் விவரம் தொழில்காரருக்குத்தான். அவரிடமும் தேர்ச்சிக்கு அத்தாட்சி கேட்கலாம். அமெரிக்காவின் கலிபோர்னியா ராஜ்யம் இதைவிட ஒரு படி மேலே போயிற்று. 2023-ல் அங்கு செய்யப்பட்டு 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த சட்டப்படி, சொந்தக்காரனுக்கே விவரமும் பாகங்களும் கிடைக்க வேண்டும். அங்கே விற்கும் கம்பெனிகளில் சில இங்கேயும் விற்கின்றன.

தோழர்கள் இனி யந்திரம் வாங்கப் போகும்போது, பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்பே இதன் ரிப்பேர் புத்தகம் எங்கே என்று கடைக்காரரைக் கேட்க வேண்டுகின்றோம். அவர் சிரிக்கக்கூடும், அதைப்பற்றிக் கவலையில்லை. பத்துப் பேர் கேட்டால் கம்பெனிக்கு எழுதுவார். அதுவும் தமிழில் வேண்டுமென்று கேட்க வேண்டும். விளம்பரத்தைத் தமிழில் போடுகின்றவர்களுக்கு இது முடியாத காரியமல்ல.