தடுப்புச் சுவரைச் சாய்ப்பது தண்ணீரே



தடுப்புச் சுவர்கள் இடிவதற்கு மண்ணைவிட, அதில் தேங்கும் நீரே பெரும்பாலும் காரணம். 3 மீட்டர் உயரச் சுவரைக் காய்ந்த மணற்பாங்கான மண், மீட்டர் நீளத்துக்குச் சுமார் 2.7 டன் விசையுடன் தள்ளும். அதே மண்ணில் மேல்மட்டம்வரை நீர் நின்றால் அவ்விசை சுமார் 6 டன்னாகிவிடும். குழைந்த சேறோ திரவத்தைப் போலவே அழுத்தும்.

2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தொழிற்கூடத்தில் உறங்கிய 10 தொழிலாளர்கள் இறந்தனர். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் கனமழையின்போது சுற்றுச்சுவர் சரிந்து 17 பேர் மாண்டனர்.

இத்தகைய விபத்துகளைத் தவிர்க்க, அரக்கோணம் வட்டாரத்தின் ஏரியோரத் தாழ்நிலங்களில் சுவர் எழுப்புமுன் மண் பரிசோதனை அவசியம். மழைக்கால நிலத்தடி நீர்மட்டத்தையே கணக்கில் கொள்ள வேண்டும். சுவரின் பின்புறம் களிமண்ணுக்குப் பதில் ஜல்லியும் மணலும் நிரப்பி, வடிகுழாய்களும் நீர்க்கசிவுத் துளைகளும் வைக்க வேண்டும். அடிமண் இளகலாக இருந்தால் அகலமான அடித்தளம் அமைக்கலாம். அல்லது அம்மண்ணை அகற்றிக் கிராவல் கொட்டி இறுக்கலாம். இளகல் ஆழமாகச் சென்றால் பைல் அடித்தளமே தீர்வு. சிறிது அமிழ்ந்தாலும் தாங்கும் இடங்களில் கம்பிவலைக் கற்கூடைச் சுவர் பொருந்தும். அதன் வழியே நீரும் வடியும்.

துளைகள் அடைபட்டால் எந்தக் கணக்கும் பொய்த்துவிடும். பருவமழைக்கு முன் அவற்றின் அடைப்பை நீக்குவதையும், வெடிப்பும் சாய்வும் கண்ட சுவர்களைப் பொறியாளரைக் கொண்டு சோதிப்பதையும் உள்ளாட்சிகள் கட்டாயமாக்க வேண்டும்.

– வாசகர், அரக்கோணம்