படையைக் கலைத்த நாடு

"கிறிஸ்தவன் படையிற் சேரலாமா? ஒரு நாட்டுக்குப் படை இன்றியமையாததா?" என்று வாசக இளைஞர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். முதற் கேள்விக்கு விடை எளிது. தம்மிடம் வந்த போர்ச்சேவகர்களைத் தொழிலை விட்டுவிடுமாறு ஸ்நாபக அருளப்பர் சொல்லவில்லை. எவரையும் மிரட்டிப் பறிக்காமல், பெறும் கூலியோடு மனநிறைவு கொள்ளுமாறே பணித்தார். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கமும் படைவீரரை மக்களின் பாதுகாப்புக்கும் சுதந்திரத்துக்கும் ஊழியராகவே காண்கிறது.

இரண்டாம் கேள்விதான் கடினமானது. அதற்கு விடை தேட, மத்திய அமெரிக்காவிலுள்ள கோஸ்டாரிக்காவின் வரலாற்றைப் பார்ப்போம். கத்தோலிக்கர் மிகுந்த சிறு நாடு அது.

1948 பிப்ரவரியில் அங்கு நடந்த தேர்தலில் ஒட்டிலியோ உலாத்தே வெற்றி பெற்றார். தோற்றவரின் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்த பாராளுமன்றமோ அத்தேர்தலே செல்லாதென்று அறிவித்தது. மார்ச்சில் ஹோசே பிகரஸ் என்னும் பண்ணையாளர் கிளர்ச்சிக் கொடி உயர்த்தினார். 44 நாட்கள் உள்நாட்டுப் போர். ஏறத்தாழ எட்டு இலட்சம் மக்களே வாழ்ந்த அந்நாட்டில் சுமார் 2,000 பேர் மாண்டனர் என்பர். கிளர்ச்சியாளர் சார்பில் சமாதானம் பேசியவர் பெஞ்சமின் நூனியெஸ் என்ற குருவானவர்.

வென்றவர்கள் வழக்கமாகச் செய்வது, பழைய படையை நீக்கித் தம் படையை அவ்விடத்தில் அமர்த்துவதே. பிகரஸ் அவ்வாறு செய்யவில்லை. 1948 டிசம்பர் 1ஆம் நாள், சான் ஹோசே நகரின் பெல்லாவிஸ்டா பாசறைச் சுவரைச் சம்மட்டியால் ஓங்கி அடித்துப் படையைக் கலைத்தார். பாசறை கல்வி இலாகாவிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று அது தேசியப் பொருட்காட்சி சாலை. தம்மை எதிர்க்கக்கூடிய படை இல்லாதிருப்பது அவருக்கு வசதியாயிற்று என்பாரும் உளர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் பதினெட்டு மாதம் ஆண்டபின், தேர்தலில் வென்ற உலாத்தேயிடமே ஆட்சியை ஒப்படைத்து விலகினார் என்பதையும் மறத்தலாகாது.

1949ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் 12ஆம் பிரிவு இதனைச் சட்டமாக்கிற்று. நிலையான படை விலக்கப்பட்டது. ஒழுங்கு காக்கப் போலீசுப் படை இருக்கும். அமெரிக்கக் கண்ட நாடுகளின் உடன்படிக்கைப்படியோ தற்காப்புக்காகவோ மட்டுமே இராணுவம் திரட்டப்படலாம். அவ்வாறு திரட்டினாலும் அது குடியாட்சி அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டே நிற்கும். கூட்டாக அரசியல் அறிக்கை விடலாகாது. இந்தக் கடைசி விதியை நான் பெரிதும் மதிக்கிறேன். துப்பாக்கி ஏந்தியவன் அரசியல் பேசத் தொடங்கினால் மற்றவர் வாய் அடைபட்டுப் போகுமன்றோ!

சோதனை வரத் தாமதமாகவில்லை. அந்த டிசம்பரிலேயே, தோற்ற தரப்பினர் நிகராகுவாவிலிருந்து படையெடுத்து வந்தனர். பட்டாளம் இல்லாத அரசு அமெரிக்க நாடுகளின் அமைப்பிடம் முறையிட்டது. அதன் தலையீட்டால் அபாயம் நீங்கிற்று. 1949 ஏப்ரலில், படைக்கலைப்பை ஆதரித்த பாதுகாப்பு அமைச்சரே கலகம் செய்து தோற்றார். 1955இல் மீண்டும் படையெடுப்பு. அப்போது அமெரிக்க ஐக்கிய நாடு போர்விமானம் ஒன்றுக்கு ஒரு டாலர் வீதம் நான்கு விமானங்களை விற்று உதவியது. ஆகவே, கோஸ்டாரிக்கா தன்னந்தனியே நின்று தன்னைக் காத்துக்கொண்டது என்று சொல்வது மிகை. பிறர் படைகளின் நிழலில் நின்றதென்பதே நேர்மை. எல்லா நாடுகளும் இதைப் பின்பற்றலாம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. விரிந்த எல்லைகளும் பகைத்து நிற்கும் அயலாரும் உடைய நம் இந்தியாவுக்கு இது பொருந்துமா என்பது ஐயமே.

ஆனால், அண்டை நாடுகளில் தளபதிகள் ஆட்சிகளைக் கவிழ்த்துக் கொண்டிருந்த பல்லாண்டுக் காலத்தில், இங்கே தேர்தல்கள் தவறாமல் நடந்துவந்தன. ஆகவே, கடிதம் எழுதிய தம்பி படையிற் சேர விரும்பினால் நான் தடுக்கமாட்டேன். யாருடைய கட்டளைக்குக் கீழ்ப்படியப் போகிறோம், அக்கட்டளை எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்பதை மட்டும் அவர் முன்னதாகவே அறிந்துகொள்ளட்டும். நடுநிலை நாடாகிய சுவிட்சர்லாந்து தன் குடிமக்களையே படையாக வைத்திருப்பதைப் பற்றி அடுத்த இதழில் காண்போம்.