விளக்கு மங்குவது ஏன்?

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது பழமொழி. பழைய மோட்டார் சைக்கிளின் விளக்கு மங்கியதும் புதிய பற்றரி வாங்க ஓடுவோரைக் காணுந்தோறும் இப்பழமொழியே நம் நினைவுக்கு வருகின்றது.

நமது அயலில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் 1954ஆம் ஆண்டின் பி.எஸ்.ஏ. பி 31 வண்டி ஒன்று உண்டு. பர்மிங்ஹாம் நகரில் ஆக்கப்பட்ட 350 சீ.சீ. வண்டி அது. அதற்குப் புதுவர்ணம் பூசுவித்துப் பேரனிடம் கொடுத்தார். ஒரு மாதம் கழியுமுன், இரவு வகுப்பு முடிந்து திரும்பிய பேரனின் முன்விளக்கு நடுவழியில் செந்நிறமாய் மங்கி அணைந்தது. வீதியின் குறுக்கே படுத்திருந்த மாட்டை ஒரு முழத் தூரத்திலேதான் அவன் கண்டான். "ஐயா, இதை நாளைக்கே வித்துப்போடுங்கோ" என்று தாயார் கண்ணீர் விட்டார்.

பற்றரியை மாற்றினர், நான்கு நாளில் அதுவும் சோர்ந்தது. டைனமோ எரிந்துவிட்டது, புதிதாகக் கம்பி சுற்றவேண்டும் என்று பழுதுபார்ப்பவர் ஒருவர் தீர்ப்புக் கூறினார். கூலியைக் கேட்டுத் திகைத்த ஆசிரியர் நம்மிடம் வந்தார்.

இவ்வண்டியின் எஞ்சினுக்குத் தீப்பொறி தருவது மக்னீற்றோ. அதற்குப் பற்றரி வேண்டியதில்லை. ஆகவே டைனமோ உறங்கினாலும் எஞ்சின் செவ்வனே ஓடும். பகலில் குறை தெரியாது. 30 உவாற்று முன்விளக்கு, 6 உவோற்றுப் பற்றரியிலிருந்து 5 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். ஏறத்தாழ 12 அம்பியர்-மணிப் பற்றரி அச்சுமையை இரண்டு மணித்தியாலமளவே தாங்கும்.

முதலில் பற்றரியை வெளியே வைத்து மின்னேற்றினோம். மறுநாளும் அது தளரவில்லை. எனவே பற்றரி குற்றமற்றது. ஆனால் எஞ்சினை எவ்வளவு ஓட்டினும் அம்பியர்மானியின் முள் ஏற்றப் பக்கம் அசையவில்லை.

அடுத்தது டைனமோ. அதன் டீ, எஃப் என்னும் இரு முனைகளின் வயர்களையும் கழற்றி, அம்முனைகளை ஒரு சிறு கம்பியால் இணைத்தோம். அக்கம்பிக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே 10 உவோற்றுவரை காட்டும் உவோற்றுமானியை வைத்து, எஞ்சினை மெதுவான ஓட்டத்திலிருந்து சற்றே விரைவாக்கினோம். முள் தடையின்றி ஏறிற்று. டைனமோ நலமே!

இச்சோதனையின் விடைகளை மாணவர்கள் மனத்திற் கொள்க. முள் அசையாவிடின் கரித்தூரிகைகளைப் பார்க்க வேண்டும். அவை தேய்ந்தோ சிக்கியோ இருக்கலாம். அரை உவோற்றளவில் நின்றால் புலச்சுருளிற் பழுது. ஒன்றரை முதல் இரண்டு வரை நின்றால் ஆமேச்சரிற் பழுது என ஐயுறலாம். முள்ளை உயர்த்துவதற்காக எஞ்சினை அளவுக்கு மீறி முறுக்குதல் கூடாது. நல்ல சுருளும் கெடும்.

பின்னர் வயர்களை டைனமோவில் மீளப் பூட்டி, அவற்றின் மறுமுனைகளை ரெகுலேற்றரிலிருந்து கழற்றி இணைத்து அதே சோதனையைச் செய்தோம். அதே விடை கிடைத்தது. வயர்களும் குற்றமற்றவை. எஞ்சியது ரெகுலேற்றர் ஒன்றே.

ரெகுலேற்றர்ப் பெட்டியினுள் கட்டவுட் என்னும் தானியங்கும் ஆளி உண்டு. டைனமோவின் அழுத்தம் போதியளவு உயர்ந்ததும் அது மூடிப் பற்றரிக்கு வழி திறக்கும். அதனை இழுக்கும் மின்காந்தச் சுருளின் ஒருமுனை, ஈ என்னும் முனைவழியாக வண்டியின் உடலோடு சேர்கின்றது. அச்சேர்க்கை இல்லையேல் சுருளில் மின்னோட்டம் இராது, ஆளியும் மூடாது.

வயர்களை முன்போற் பூட்டி எஞ்சினை ஓடவிட்டு, ஈ முனையிலிருந்து ஒரு கம்பியை எஞ்சினின் வெறும் உலோகத்திற் பிடித்தோம். அம்பியர்மானியின் முள் உடனே ஏற்றப் பக்கம் துள்ளிற்று! ஈ முனையின் வயர் சட்டகத்தைத் தொடும் இடத்திற் பார்த்தோம். அங்கே பளபளக்கும் புதுவர்ணத்தின் மேலேயே திருகு முடுக்கப்பட்டிருந்தது. அழகுக்குப் பூசிய வர்ணமே மின்சாரத்திற்கு மதிலாயிற்று. அந்த ஓரங்குல இடத்தை உரைதாளால் உரைத்து, திருகை இறுக்கி, மேலே சிறிது கிறீஸ் தடவினோம். செலவு ஒரு உரைதாள் மட்டுமே.

அன்றிரவு ஆசிரியரின் முற்றத்தில் விளக்கு வெண்மையாய் எரிந்தது. தாயார் வாயிலில் நின்று நெடுநேரம் பார்த்தார். விற்கும் பேச்சு மீண்டும் எழவில்லை. ஆயினும் பேரனுக்கு ஒரு கட்டளை பிறந்தது: இருட்டுமுன் அம்பியர்மானியைப் பார்த்த பின்னரே புறப்படவேண்டும் என்பதே அது.

வண்டி வைத்திருக்கும் ஏனையோருக்கும் அக்கட்டளை பொருந்தும் என்பதே நமது கருத்து.