றம்புட்டான் தோல் யாருக்கு?

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் றம்புட்டான் பருவம் வந்தால், உரித்தெறிந்த தோல் லயத்து வாசலிலே அழுகிக் கிடக்கும். அத்தோலிலுள்ள ஜெரானீன், எலாஜிக் அமிலம் முதலியன புறஊதாக் கதிரை உறிஞ்ச வல்லவை. மதுசாரத்தில் ஊறவைத்துப் பிரித்தெடுக்கலாம். (அரைத்துப் பூசினாற் போதுமென எவரும் எண்ணற்க!) பவளப்பாறைகளுக்குத் தீங்கென்று ஒக்சிபென்சோன் கலந்த வெயிற்காப்புப் பூச்சுகளின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடுத்துள்ளமையால், மாற்றுப்பொருளைச் சந்தை தேடுகிறது.

எமது கேள்வி வேறு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மரத்துக்கு ஆக்கவுரிமை தராது. புதிதாய்க் கண்ட பிரித்தெடுக்கும் முறைக்குத் தரும். அம்முறை கம்பனியின் கைக்குப் போனால், வெயிலில் நின்று கொழுந்து பறிப்பவளுக்கு மிஞ்சுவது தோல் சுமக்கும் கூலிதானே? 1992இல் தோட்ட நிர்வாகம் கைமாறியபோதும் அவளுக்கு நிலவுரிமை பிறக்கவில்லை. தோலைச் சேர்ப்பதும் உலர்த்துவதும் விலை பேசுவதும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திடமே இருத்தல் வேண்டும். அடுத்த பருவத்துக்கு முன்னரே சங்கத்தைப் பதிவு செய்க.