பிள்ளையின் அறிவை எந்த மொழியில் அளப்பது?

புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் மத்தியில், இரண்டு வயது கடந்தும் பேச்சு வராத பிள்ளையைக் குறித்து இரண்டு குரல்கள் ஒலிக்கின்றன. 'தகப்பனும் பிந்தித்தான் கதைத்தவர்' என்பது வீட்டிலுள்ள மூத்தோரின் ஆறுதல். 'இரண்டு மொழிகளால் பிள்ளை குழம்புகிறது, தமிழை நிறுத்துங்கள்' என்பது வெளியாரின் அறிவுரை. முன்னையது காலத்தைப் பறிக்கிறது. பின்னையது மொழியைப் பறிக்கிறது.

இருமொழிச் சூழல் பேச்சுத் தாமதத்தையோ கற்றற் குறைபாட்டையோ உண்டாக்குவதில்லை என்பதே பேச்சு, மொழிச் சிகிச்சைத் துறையினரின் இன்றைய நிலைப்பாடாகும். தமிழில் 30 சொற்களும் ஆங்கிலத்தில் 20 சொற்களும் பேசும் பிள்ளையின் சொல்வளம் 50 ஆகும். ஆங்கிலத்தை மட்டும் எண்ணுபவர் பிள்ளையின் ஒரு பாதியையேனும் காண்பதில்லை.

சிந்தனை பேச்சில் மாத்திரம் வெளிப்படுவதுமன்று. எட்டாத பொருளை எடுக்கக் கதிரையை இழுத்து ஏறுதல், பொம்மைக்குச் சோறூட்டி விளையாடுதல், 'சப்பாத்தை எடுத்து அம்மம்மாவிடம் கொடு' என்றால் இரண்டையும் செய்தல் ஆகியனவும் இரண்டு, இரண்டரை வயதில் கவனிக்கத்தக்கவை. இங்கிலாந்தில் ஹெல்த் விசிட்டர் எனப்படும் குழந்தைநலத் தாதியர் 2 முதல் 2½ வயதுக்குள் செய்யும் மதிப்பீட்டில், சிக்கல் தீர்க்கும் திறனும் தனிப் பிரிவாகவே இடம்பெறுகிறது. அவ்வேளையில் பிள்ளை தமிழில் செய்வதையும் சொல்வதையும் மறவாது கூறுங்கள். மொழிபெயர்ப்பாளர் தேவையெனில் கட்டணமின்றிக் கேட்டுப் பெறுங்கள்.

ஆங்கிலத்தில் போதிய தேர்ச்சியற்ற பிள்ளைக்கு மொழித் தாமதம் உண்டா என்பதை அறிய, அதன் வீட்டு மொழித் திறனைப் பெற்றோருடன் சேர்ந்து ஆராய வேண்டுமென இங்கிலாந்தின் பாலர் கல்வி விதிமுறைகள் பணிக்கின்றன. இது சலுகையன்று, பாலர் பாடசாலையின் கடமை. அதனை நாம் கேட்க வேண்டும்.

இருமொழி காரணமன்று என்பதனால் காத்திருக்கலாம் என்பதும் பொருளன்று. இரு மொழிகளிலும் பேச்சுப் பிந்தினால் முதலில் செவிப்புலனைச் சோதியுங்கள். பேசிய சொற்களைப் பிள்ளை இழக்குமாயின் ஒரு நாளும் தாமதியாதீர்கள். சிறப்புக் கல்வித் தேவைக்கான மதிப்பீட்டை உள்ளூராட்சி மன்றத்திடம் பெற்றோரே நேரடியாகக் கோரும் உரிமையை 2014ஆம் ஆண்டுச் சட்டம் வழங்குகிறது. மதிப்பிடுவதா இல்லையா என்ற முடிவை மன்றம் 6 வாரங்களுள் அறிவித்தாக வேண்டும்.

'சனம் என்ன சொல்லும்' என்ற அச்சம் பிள்ளையின் ஆரம்ப ஆண்டுகளை விழுங்க விடலாகாது. உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அதனுடன் அதிகம் பேசுவோரின் மொழி இன்னும் கூடுதலாகத் தேவை. உதவியைக் கேளுங்கள், தமிழையும் தொடர்ந்து பேசுங்கள்.