வாடகையில்லா வீடு என்று சொல்லாதீர்கள்



கடந்த ஞாயிறு இரண்டாம் ஆராதனைக்குப் பின் நடந்த கூட்டத்தில் உங்களில் சிலர் பேசியவை இந்த வாரம் முழுவதும் என்னை விட்டு அகலவில்லை. நம் ஆலயத்தின் பின்புறமுள்ள கார் நிறுத்துமிடத்தில், இரவு 8 மணி முதல் காலை 7 மணி வரை, வேன்களில் குடியிருக்கும் ஆறு குடும்பங்களுக்கு இடமளிக்கலாமா என்பதே கேள்வி. ஒரு சகோதரர் எழுந்து, "பாஸ்டர், நாம் மாதம் 3,000 டாலர் வாடகை கட்டுகிறோம். அவர்கள் வாடகையே இல்லாமல் இருக்கிறார்கள். அது அவர்கள் தேர்ந்துகொண்ட வாழ்க்கை" என்றார். பலர் தலையசைத்தீர்கள். நான் அப்போது மறுமொழி சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். அந்தப் பேச்சில் உண்மை இல்லை.

அது எங்கிருந்து வந்தது என்பதை அறிவேன். என் கைப்பேசியிலும் அந்தக் காணொளிகள் வருகின்றன. 2011இல் ஃபாஸ்டர் ஹன்டிங்டன் என்னும் புகைப்படக்காரர் 'வேன்லைஃப்' என்ற சொல்லை இன்ஸ்டாகிராமில் பரவச் செய்தார். அன்றிலிருந்து நாம் காண்பது ஒரே காட்சிதான்: கடற்கரை, திறந்த பின்கதவு, உள்ளே மரப்பலகை வேலைப்பாடு, ஆவி பறக்கும் காபி. அந்த ஸ்பிரின்டர் வேன் காலியாக வாங்கினாலே ஏறத்தாழ 50,000 டாலர். படுக்கை, சூரியத் தகடு, பேட்டரி எல்லாம் அதற்கு மேல். அது வசதியுள்ளவர்களின் நீண்ட விடுமுறை. அதில் எனக்கு வழக்கில்லை. எல் கமினோ சாலையோரம் ஜன்னலில் அட்டை வைத்து மறைத்து நிற்கும் பழைய வண்டிகளை அந்தக் காட்சியோடு சேர்த்துப் பேசுவதில்தான் எனக்கு வழக்கு.

கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பதைப் பற்றி நம் ஆண்டவர் பேசினார். நாமும் சற்று உட்காருவோம். உங்கள் வாடகைக்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்று எண்ணியதுண்டா? குழாயைத் திறந்தால் தண்ணீர். வேனில் வாழ்பவர் அதைக் கேனில் சுமக்க வேண்டும். குளிப்பதற்கென்றே ஒருவர் உடற்பயிற்சிக் கூடத்துக்கு மாதச் சந்தா கட்டுகிறார். கழிவுத் தொட்டியைக் காலி செய்ய அதற்குரிய நிலையத்துக்கு ஓட்டிச் சென்று கட்டணம் செலுத்த வேண்டும். போகவும் வரவும் எரிபொருள் தனி. குளிர்பதனப் பெட்டி சிறியது அல்லது இல்லவே இல்லை. ஆகவே ஒரு வாரத்துக்குச் சமைத்து வைக்க முடியாது, மலிவாகச் சேர்த்து வாங்கவும் முடியாது. ஏழைக்குச் சாப்பாடு நம்மைவிட அதிக விலை.

ஈரத்தைப் பற்றி யாரும் காணொளி எடுப்பதில்லை. இருவர் உறங்கும் ஓர் இரவில் அவர்களுடைய மூச்சிலிருந்தும் உடலிலிருந்தும் அரை லிட்டருக்குக் குறையாத நீர் காற்றில் கலக்கிறது. குளிருக்கு அஞ்சி புரொப்பேன் அடுப்பை ஏற்றினால், ஒரு கிலோ வாயு எரிந்து ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி தருகிறது. அது தகரச் சுவரில் குளிர்ந்து மெத்தையில் இறங்கிப் பூஞ்சையாகிறது. ஜன்னலை மூடினால் கார்பன் மோனாக்சைடு என்னும் மணமற்ற நஞ்சு. திறந்தால் குளிரும் திருடனும். குழந்தை இருமினால் எந்தப் பக்கம் தீர்ப்பளிப்பீர்கள்?

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, நிற்பதற்கு இடம். 72 மணி நேரத்துக்கு மேல் ஒரே தெருவில் நிற்கும் வண்டியை அகற்ற இம்மாநிலச் சட்டம் நகரங்களுக்கு அதிகாரம் தருகிறது. மவுன்டன் வியூ நகரில் 2020இல் வாக்கெடுப்பு நடத்தியே குறுகிய தெருக்களில் பெரிய வண்டிகள் நிற்பதைத் தடை செய்தார்கள். கூகுளின் தலைமையகம் இருக்கும் ஊர் அது! 2024 ஜூன் 28 அன்று கிரான்ட்ஸ் பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், தங்குமிடம் இல்லாதபோதும் வெளியிடத்தில் உறங்குவோரைத் தண்டிக்க நகரங்களுக்கு வழி திறந்தது. நம் கார் பழுதானால் கார்தான் பட்டறைக்குப் போகும். அவர்களுக்கோ வீடும், துணியும், மருந்தும் போய்விடும். இழுத்துச் செல்லப்பட்ட வண்டிக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று காப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். கட்ட முடியாமற்போனால் வண்டி ஏலத்துக்குப் போகும். அன்று இரவு அந்தக் குடும்பம் நடைபாதையில்.

"தேர்ந்துகொண்ட வாழ்க்கை" என்கிறீர்கள். வண்டியில் உறங்குகிறவரை இந்நாட்டின் வீட்டுவசதித் துறை வீடற்றோர் கணக்கில்தான் சேர்க்கிறது. அரசாங்கத்துக்கு விளங்கியது சபைக்கு விளங்கவில்லையா?

காப்பீடு, சுத்தம், அக்கம்பக்கத்தார் புகார் ஆகியவை நியாயமான கேள்விகள். அவற்றைக் கேட்டவர்களை நான் குறைகூறவில்லை. ஆனால் நாம் முதல் ஆட்கள் அல்ல. சான்டா பார்பராவில் 2004 முதல் இத்தகைய இரவு நிறுத்தம் நடந்துவருகிறது. ஆலயங்களும் இடம் தந்திருக்கின்றன. நம் நிறுத்துமிடமோ வாரத்தில் ஆறு இரவும் காலியாகக் கிடக்கிறது.

என் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். இறையியல் கல்லூரியில் ஆபிரகாமின் கூடார வாழ்வைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினேன். துரவுகளுக்காக நடந்த சண்டைகளை அடிக்குறிப்பில் ஒதுக்கினேன். சென்ற ஆண்டு, வேனில் வசிக்கும் ஒரு தாயார், முதியோர் இல்லத்தில் இரவுப் பணி முடித்து, விடியற்காலையில் நம் வெளிக்குழாயில் தண்ணீர் பிடிப்பதாகப் புகார் வந்தது. குழாயின் கைப்பிடியைக் கழற்றிவிடும்படி எழுதிக் கையொப்பமிட்டவன் நான். மறுநாள் அவர் காலிக் கேன்களோடு நின்றதை அலுவலக ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே போகவில்லை.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் வாக்கெடுப்பு. தற்காலிகக் கழிப்பறைக்கான முதல் மூன்று மாத வாடகையை நானும் என் மனைவியும் ஏற்றுக்கொள்கிறோம். காப்பீட்டு முகவரும் வருகிறார். அவரிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். குழாயின் கைப்பிடியை வியாழக்கிழமை திரும்ப மாட்டிவிட்டேன். அதற்கு நிர்வாகக் குழுவின் அனுமதியை நான் கேட்கவில்லை.