புதிய மென்பொருள் முயற்சிக்கு வழிகாட்டிகள் எத்தனை பேர் வேண்டும்?

மூலநிரலை மறைக்காது வெளியிட்டு, எவரும் அதனை ஆராயவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் இடந்தரும் மென்பொருளைத் திறமூல மென்பொருள் என்கிறோம். திருவனந்தபுரத்திற்கு இது புதிய செய்தியன்று. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தொடங்கப்பெற்றது இந்நகரிலேயே ஆகும். இத்துறையில் இளைஞர் பலர் புதுப்பணிகளைத் தொடங்குகின்றனர், நிலைபெறுவன சிலவே. திறமையின் குறைவைவிட, வழிகாட்டுவாரின் குறைவே இதற்குப் பெரிதும் காரணம் என்பது என் கருத்து. ஆயின், எத்தனை பேர் வேண்டும்?

ஒருவர் போதும் என்பார் உளர். ஆரியசாலையை அடுத்த சாலைக் கடைவீதியில் ஒரே முதலாளியின்கீழ் நின்று தொழில் கற்றுத் தேர்ந்தவர் பலர் அல்லரோ? உண்மையே. ஆனால் அங்கே ஆசான் நாள் முழுதும் கண்ணெதிரே இருப்பார். திறமூல முயற்சியின் வழிகாட்டியோ, தம் அலுவல் போக எஞ்சும் நேரத்தையே தருகிறார். மாணவனை அவர் நேரிற் கண்டிருக்கவும் மாட்டார். அவர் நோயுற்றாலோ, வேலை மாறினாலோ, பணி அன்றோடு நின்றுவிடும்.

இதனினும் பெரிய தீங்கும் உண்டு. தரவுகளைச் சுருக்கும் 'எக்ஸ்-இசட்' என்னும் மென்பொருள் உலகெங்கும் லினக்ஸ் கணினிகளில் இயங்குவது. அதனைப் பேணும் பொறுப்பு நெடுங்காலம் பெரும்பாலும் ஒருவர்மீதே இருந்தது. சோர்ந்திருந்த அவருக்கு உதவுவார்போல் வந்த ஒருவர், இரண்டாண்டுகளுக்கு மேலாக உழைத்து நம்பிக்கை பெற்று, 2024இல் அதனுள் கள்ளவழி ஒன்றைப் புகுத்தினார். கணினியினுள் நுழைகையில் ஏறத்தாழ அரை விநாடி தாமதம் நேர்வதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளரே அதனை வெளிப்படுத்தினார். உடன் நின்று பார்க்க இன்னும் இரு கண்கள் இருந்திருப்பின், இச்சூழ்ச்சி எளிதில் நிறைவேறியிராது.

அங்ஙனமாயின், பத்துப் பேரை நியமிக்கலாமா? அதுவும் பயன்தராது. மூவர் தமக்குள் கலந்து பேசும் தொடர்புகள் 3, அறுவர்க்கு 15, பதின்மர்க்கு 45. ஆள் பெருகப் பெருகப் பேச்சு பெருகிப் பணி பிந்தும் என்பதை பிரெடரிக் புரூக்ஸ் 1975இலேயே எடுத்துக் காட்டினார். மேலும், மற்றவர் விடையளிப்பார் என ஒவ்வொருவரும் இருந்துவிட, மாணவனின் வினா விடையின்றியே கிடக்கும்.

எனவே மூவர் என்பதே தக்க அளவு. ஒருவர் விடுப்பிலிருப்பினும் இருவர் எஞ்சுவர். இருவர் முரண்படின் மூன்றாமவர் தீர்ப்புக் கூறுவர். புதிய முயற்சிகளை வளர்த்தெடுக்க 2002 முதல் தனி அமைப்பு நடத்திவரும் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையிலும், ஒரு பதிப்பு வெளிவர, வாக்குரிமையுடையோர் மூவரேனும் இசைவு தெரிவித்தல் வேண்டும்.

அம்மூவரும் ஒரே திறத்தினராய் இருத்தல் கூடாது. ஒருவர் நிரல் அறிந்தவர். ஒருவர் உரிமமும் வெளியீட்டு முறையும் அறிந்தவர். மற்றவர் மொழியும் பயன்படுத்துவோர் தேவையும் அறிந்தவர். இறுதியாகக் கூறியவரைப் பலர் மறந்துவிடுகின்றனர். 'கொ' என்பது படிப்பவர்க்கு ஓரெழுத்து; அச்சில் மூன்று உருவங்கள்; யூனிகோடு முறையில் இரண்டு குறியீடுகள். இவ்வேறுபாட்டை உணராதவர் ஆக்கும் சொற்பிழை திருத்தி, எழுத்தை எண்ணும்போதே பிழைபடும். அன்றியும், மூவரும் ஒரே அலுவலகத்தினராயின், ஓர் இடமாற்ற உத்தரவு மூவரையும் ஒருங்கே அகற்றிவிடக்கூடும்.

பொதுப்பணத்தால் உதவி நல்கும் நிறுவனங்கள் ஆலோசகர் பெயர்ப்பட்டியலின் நீளத்தைப் பார்த்து மயங்கலாகாது. வினாவுக்கு விடையளிப்பவர் யார், எத்தனை நாளில் அளிப்பார் என்று கேட்டறிதல் வேண்டும். விடையளிக்காத பெயர்களைக் கணக்கில் சேர்த்தலும் தகாது. இன்று கற்பவன் நாளை அம்மூவருள் ஒருவராய் அமரும் நிலை வருமாயின், வழிகாட்டுதல் நிறைவுற்றது எனக் கொள்ளலாம்.